உடுக்கும் துணியிலும் நஞ்சு உண்டோ?

அரிசி வாங்கும்பொழுது கையில் அள்ளிப் பார்க்கிறோம். மீன் வாங்கும்பொழுது செவுளைத் திறந்து பார்க்கிறோம். துணி வாங்கும்பொழுதோ நிறத்தையும் விலையையும் பார்ப்பதோடு சரி. “சாயம் போகுமா?” என்று கடைக்காரரைக் கேட்கும் நாம், “இச்சாயத்தில் என்ன இருக்கிறது?” என்று கேட்பதில்லை. கேட்டாலும் அவரால் பதில் சொல்ல இயலாது. அதைச் சொல்ல வேண்டியது சோதனைச்சாலை.

புதுவை மண்ணுக்குத் துணி புதியதன்று. நீலம் தோய்த்த ‘கினி’த் துணி பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து கப்பலேறி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் பணத்துக்கு ஈடாகவே புழங்கிற்று. பின்னர் பெரும் ஆலைகள் எழுந்தன. அவற்றின் சங்கொலி இன்று ஓய்ந்துவிட்டது. பிள்ளைச்சாவடியிலும் பாகூரிலும் வில்லியனூரிலும் இன்று நாம் உடுப்பவை, எங்கோ நெய்து, எங்கோ தோய்த்து, எங்கோ தைத்த துணிகள். செய்தவரை அறியாத பொருளை வாங்கும் காலத்தில், அப்பொருளைப் பற்றிய அறிவு முன்னைவிட அதிகம் தேவை அன்றோ?

உலோகம் துணிக்குள் வந்த வழி

பருத்தியிலோ பட்டிலோ இயல்பாக நச்சு உலோகம் மிகுதியாக இருப்பதில்லை. பெரும்பாலும் மனிதனே அதைச் சேர்க்கிறான். கம்பளிக்கும் பட்டுக்கும் இடும் சில சாயங்கள் நாரில் பற்றி நிற்பதற்குக் குரோமியம் துணைசெய்கிறது. மயில்நீல நிறம் தரும் சாயங்கள் சிலவற்றின் மூலக்கூறிலேயே செம்பு உள்ளது. பாலியெஸ்டர் இழை தயாரிப்பில் ஆன்டிமனி என்ற உலோகம் பயன்படுகிறது. பொத்தானிலும் கொக்கியிலும் நிக்கலும், மலிவான ஜிப்பிலும் பூச்சு அச்சிலும் காரீயமும் இருக்கக்கூடும்.

இவற்றுள் காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தீங்கற்றது எனக் கூறத்தக்க அளவு காரீயத்துக்கு இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆறிணைதிறக் குரோமியம் தோலை வருத்துவதோடு, புற்றுநோய் தரும் பொருள்களின் வரிசையிலும் நிற்கிறது. நிக்கல் பட்ட இடத்தில் சிலருக்கு அரிப்பும் புண்ணும் உண்டாகும்.

அழகுக்காக நஞ்சை அணிவது நம் காலத்துப் பழக்கம் மட்டுமன்று. 1775ஆம் ஆண்டில் ஷீலே என்ற வேதியியலார் கண்டறிந்த பச்சை நிறம் ஆர்செனிக் கலந்தது. அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் ஆடைகளிலும் செயற்கைப் பூக்களிலும் அத்தகைய பச்சைகள் பரவின. உடுத்தியவர்களைவிட, அப்பூக்களைச் செய்த ஏழைத் தொழிலாளப் பெண்களே அதிகம் துன்புற்றனர்.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

சோதனைச்சாலை இரு கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறது. ஒன்று, துணியில் மொத்தம் எவ்வளவு உலோகம் உள்ளது? மற்றொன்று, அதில் எவ்வளவு வெளிவந்து உடலைத் தொடக்கூடும்?

முதற் கேள்விக்குத் துணித்துண்டை வீரியமுள்ள அமிலத்தில் முற்றும் கரைத்துவிடுகின்றனர். இரண்டாவதற்குச் செயற்கை வியர்வை தயாரிக்கின்றனர். சமையல் உப்பு, பாஸ்பேட் உப்பு, ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் ஆகியவை கலந்த சற்றே புளிப்பான நீர் அது. உடற்சூட்டை ஒட்டிய வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் துணி அதில் ஊறும். பின்னர் நீரை வடித்து அளக்கின்றனர். குழந்தை வாயில் வைத்துச் சப்பும் என்பதால் செயற்கை உமிழ்நீராலும் சோதிப்பதுண்டு.

அளக்கும் கருவிகளுள் ஒன்று அணு உட்கவர் நிறமாலைமானி. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஆலன் வால்ஷ் 1955இல் வெளியிட்ட முறை இதற்கு அடிப்படை. ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய ஒளியை மட்டும் விழுங்கும். காரீயத்துக்குரிய விளக்கின் ஒளியைச் சுடர் வழியே செலுத்தி, அச்சுடரில் வடித்த நீரைத் தூவினால், குறைந்த ஒளியின் அளவு காரீயத்தின் அளவைக் காட்டிக்கொடுக்கும்.

கிடைக்கும் எண்கள் மிகச் சிறியவை. ஓர் அரிசிமணி 20 மில்லிகிராம் எடையென்று கொள்வோம். 20 கிலோ அரிசி மூட்டையில் அத்தகைய ஒரு மணி மட்டும் நஞ்சானால், அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1992இல் ஐரோப்பாவில் தோன்றிய ஓயெகோ-டெக்ஸ் என்னும் தரச்சான்று, கைக்குழந்தைத் துணியிலிருந்து வியர்வையில் வெளிவரும் காரீயத்துக்குப் பத்து லட்சத்தில் 0.2 பங்கையே எல்லையாக வைத்துள்ளது. அதாவது 100 கிலோ அரிசியில் ஒரு மணி!

மேற்சொன்ன மயில்நீலத் துணியை இவ்விரு முறையிலும் சோதித்தால் வேறுபாடு விளங்கும். மொத்தச் செம்பு மிகுதியாகத் தோன்றலாம். சாயத்தோடு இறுகப் பிணைந்திருப்பதால் வியர்வையில் வெளிவருவது குறைவாக இருக்கலாம். ஆகவே எண்ணை மட்டும் கண்டு அஞ்சுவதும் தவறு. எம்முறையில் கிடைத்த எண் என்று கேட்க வேண்டும்.

சோதனை பெருகிய வரலாறு

1994இல் ஜெர்மனி, புற்றுநோய் விளைக்கும் அமைன்களாகச் சிதையும் அஸோ சாயங்களைத் தடைசெய்தது. இவை உலோகமல்ல, ஆயினும் துணியைச் சோதனைச்சாலைக்கு அனுப்பும் வழக்கம் இந்தியாவில் வேரூன்ற அத்தடை பெருங்காரணமாயிற்று. 1997இல் இந்திய அரசும் அத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஜவுளிக் குழுவின் சோதனைச்சாலைகளும், 1956இல் கோவையில் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும் இத்துறையில் பணிபுரிந்து வருகின்றன.

அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்கான பொருள்களில் காரீயத்துக்கு எல்லை வகுத்தது. 2011 முதல் அது பத்து லட்சத்தில் 100 பங்கு. சாதாரணச் சாயத் துணிக்கு அந்நாட்டில் இக்காரீயச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. பொத்தானுக்கும் ஜிப்புக்கும் பூச்சு அச்சுக்கும் இல்லை. நாம் எங்கே கண்வைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல குறிப்பு.

நொய்யல் சொல்லும் பாடம்

துணி சோதனையில் தேறிவிட்டால் கவலை தீர்ந்ததா? சாயத்தைக் கழுவிய நீர் எங்கே போயிற்று? வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யலே இதற்குச் சாட்சி. உழவர்களுக்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில், திருப்பூர்ச் சாயக் கழிவுநீர் வந்து தேங்கியது. அந்நீரின் முதற்பெருங்கேடு உப்பு. உலோகங்களும் உடன் வந்தன. வயல் பாழாயிற்று, கிணறு கெட்டது. உழவர் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்டவை மூடப்பட்டன. உழவன் இழந்தது நிலம். பட்டறைத் தொழிலாளி இழந்தது அன்றாடக் கூலி. அயல்நாட்டுக் குழந்தையின் சட்டை தூய்மையெனச் சான்று பெற்ற காலத்தில், அது தோய்ந்த ஊரின் கிணற்றுக்குச் சான்று தருவார் இல்லை.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

வாங்குவோர் கேட்பதால் ஏற்றுமதித் துணி சோதிக்கப்படுகிறது. சந்தையில் நம் பிள்ளைக்கு வாங்கும் துணிக்கு அச்சான்றைப் பொதுவாக யாரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்குவோம்.

புதுத் துணியை ஒருமுறை துவைத்து உலர்த்திய பின்னரே உடுத்தச் செய்க. ஒட்டாத சாயமும் கஞ்சியும் அதில் பெரும்பாலும் நீங்கும். உலோகப் பொத்தானில் உள்ளது நீங்காது. கைக்குழந்தைக்குப் பளபளக்கும் பூச்சு அச்சும் உலோகக் கொக்கியும் உள்ள உடையைத் தவிர்க்கலாம். திருமுழுக்குக்கும் புதுநன்மைக்கும் வாங்கும் உடையில் மணியும் சரிகையும் குறைந்தால் அழகு குறைந்துவிடாது. பொத்தான் பட்ட இடத்தில் தோல் சிவந்தால் மருத்துவரிடம் காட்டுக. சாயம் போகும் துணியெல்லாம் நஞ்சு என்பதும், போகாத துணியெல்லாம் தூயது என்பதும் தவறான எண்ணம். கண்ணால் காணமுடியாததைக் கருவியே காட்டும்.

வீண் அச்சம் வேண்டா. பழைய வண்ணப்பூச்சும், உடைத்து உருக்கும் பழைய மின்கலமும் குழந்தைகளுக்குத் தரும் காரீயம் துணியிலிருந்து வருவதைவிட மிக அதிகம். ஆயினும் பிறந்த நாள் முதல் குழந்தையின் உடலோடு ஒட்டியிருப்பது துணியே. அதன் நிறத்தைப் பார்க்கும் நாம், அதன் நன்மையையும் கேட்டு வாங்குவோமாக.