நிறத்தின் அழகும் குட்டிகளின் புலன்களும்

ஸ்கொட்லாந்தில் செம்மறி மேய்க்கப் பயன்பட்ட நீண்ட உரோம நாயினமான கொலி, விக்டோரியா மகாராணியின் ஆதரவினால் 19ஆம் நூற்றாண்டில் செல்வந்தர் இல்லங்களையும் சென்றடைந்தது. 1943இல் வெளியான 'லஸி' திரைப்படம் அதனை உலகறியச் செய்தது. கழுத்து, மார்பு, பாதங்கள், வால் நுனி ஆகியவற்றில் காணப்படும் வெண்மை இவ்வினத்தின் பொது அடையாளமாகும். உடலின் நிறமோ பொன்பழுப்பு, மூவண்ணம், சாம்பல் நீலத்தில் கருந்திட்டுகள் சிதறிய 'நீல மேர்ல்' என வேறுபடும்.

இவற்றுள் மேர்ல் நிறமே எச்சரிக்கைக்குரியது. அதற்குக் காரணமான பரம்பரையலகு மாற்றத்தை ஆய்வாளர்கள் 2006இல் இனங்கண்டனர். தாய், தந்தை ஆகிய இரண்டில் ஒன்றிடமிருந்து மட்டும் அது கிடைத்தால், கருநிறம் ஆங்காங்கே வெளிறி அழகிய கோலம் தோன்றுகின்றது. இரண்டிடமிருந்தும் கிடைத்தால் குட்டி பெரும்பாலும் வெண்ணிறமாகவே பிறக்கின்றது. நிறத்தைத் தரும் கலங்கள் உட்செவியின் செயற்பாட்டுக்கும் அவசியமானவை. கண்ணின் வளர்ச்சியோடும் தொடர்புடையவை. ஆகவே இத்தகைய குட்டிகளிற் பல கேட்கும் திறனையோ பார்வையையோ இழந்து பிறக்கின்றன. இரு மேர்ல் நாய்களை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி இந்த இரட்டைப் பேற்றைப் பெறும்.

பொன்பழுப்பு நாய்களில் மேர்ல் கோலம் வளர்ந்தபின் மங்கி மறைவதுண்டு. எனவே கண்ணால் பார்த்து முடிவுசெய்வது போதாது; இணைக்கும் முன்னர் பரம்பரையலகுப் பரிசோதனை செய்தல் வேண்டும். இரு மேர்ல் நாய்களுக்குப் பிறக்கும் மேர்ல் குட்டிகளைப் பிரித்தானிய கென்னல் கழகம் பதிவுசெய்வதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மனிதரின் கண்ணுக்கு விருந்தளிப்பதற்காக வாயில்லா உயிரின் கண்ணைப் பறிப்பது எவ்வகையிலும் நியாயமாகாது.