எல்லா ஊரிலும் 'நீலகிரி' உண்டு... நம்மிடம் மட்டும் இல்லை!

கூடுவாஞ்சேரியில் காலை பீச் வண்டி ஏறி உட்கார இடம் கிடைக்கிறவர்கள் போன ஜென்மத்தில் ஏதோ புண்ணியம் பண்ணியவர்கள். செங்கல்பட்டிலேயே ஸீட் நிரம்பி, மறைமலைநகரில் வாசலும் நிரம்பித்தான் வண்டி நம்ம ஊருக்கே வரும். அப்படித் தொங்கிக்கொண்டு போன ஒரு திங்கட்கிழமைதான் இந்தப் பேச்சு ஆரம்பித்தது.

"பையன் அஞ்சாவது படிக்கிறான் ஸார். கணக்குல புலி. ஆனா ஸ்கூல்ல டிராயிங் பீரியடையும் பி.டி. பீரியடையும் கணக்கு வாத்தியாரே எடுத்துக்கறார். 'நல்லா படிக்கிற பசங்களுக்கு விளையாட்டு எதுக்கு'ங்கறாராம்!" என்றார் அக்கவுன்ட்ஸ் செக்ஷன் நண்பர்.

பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த இளைஞர் சிரித்தார். "எங்க ஸ்கூல்ல தலைகீழ். காலையில பி.டி.க்கு வரலேன்னாதான் திட்டு விழும்!"

எந்த ஸ்கூல்? 'நவோதயா' என்றார். புதுச்சேரி மாநிலத்துக்காரர். வண்டியில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே புதுசு. ஆச்சரியமில்லை. நாடு முழுக்க அறுநூறுக்கும் மேல் நவோதயா பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது!

ஆரம்பித்தது ராஜீவ் காந்தி காலம். 1985-ல் சோதனையாக ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிராவின் அமராவதியிலும் இரண்டு பள்ளிகள். 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டத்துக்கு ஒன்று என்று கணக்கு. அப்போது கல்வி இலாகாவைப் பார்த்த நரசிம்மராவுக்கு இது புதிதல்ல. 1971-ல் ஆந்திர முதல்வராக இருந்தபோதே, நல்கொண்டா மாவட்டத்து சர்வேல் கிராமத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அரசு செலவில் தங்கிப் படிக்கும் பள்ளியைத் திறந்தவர் அவர்.

ஆறாம் வகுப்பில் 80 பேர். நுழைவுத் தேர்வு உண்டு. 80 கேள்வி, அதில் பாதி புத்தி சாமர்த்தியக் கேள்விகள். மிச்சம் கணக்கும் மொழியும். எழுத ஒரே ஒரு சான்ஸ். நம்ம டிபார்ட்மென்ட் பரீட்சை மாதிரி வருஷா வருஷம் எழுதி ஃபெயிலாகிற வசதியெல்லாம் கிடையாது! 75 சதவிகித இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. (நந்திவரம்-கூடுவாஞ்சேரி 2021-லேயே நகராட்சியாகிவிட்டது. இங்கே படிக்கிற பையன் மிச்சமிருக்கிற 25-க்குத்தான் மோதணும்.) சாப்பாடு, தங்குமிடம், யூனிஃபார்ம் இலவசம். ஒன்பதாவதிலிருந்து மாதம் 600 ரூபாய். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஏழைகளுக்கு அதுவும் வேண்டாம். அரசு ஊழியர் பிள்ளை என்றால் மட்டும் 1,500 வரை. நம்மை எங்கே போனாலும் விடமாட்டார்கள்!

"படிப்பு மட்டும் இல்லை ஸார்" என்றார் இளைஞர். "பாட்டு, படம், நாடகம், சாயந்திரம் விளையாட்டு... எல்லாத்துக்கும் ஹவுஸ் பாயின்ட் உண்டு. கணக்குல நூறு வாங்கறவன் கபடியில கோட்டை விட்டா, ஹவுஸே அவனை முறைக்கும். வாத்தியாரும் கேம்பஸ்லயே குடியிருக்கறதால ஓடி ஒளியவும் முடியாது."

ஒன்பதாவதில் ஒரு வேடிக்கை. வகுப்பில் 30 சதவிகிதம் பேரை ஒரு வருஷத்துக்கு வேறு மொழி பேசும் மாநிலத்து நவோதயாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து அதே மாதிரி இங்கே வருவார்கள். நம்ம இளைஞரும் வடக்கே போனவர். "முதல் மாசம் சப்பாத்தியைப் பார்த்தாலே அழுகை வரும். திரும்பி வரும்போது ரயில்வே ஸ்டேஷன்ல அந்த ஊர் பசங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதேன்" என்றார்.

அவர் எந்த ஹவுஸ் என்று கேட்டேன். "நீலகிரி!" என்றார். எல்லா நவோதயாவிலும் நான்கு ஹவுஸ்கள்: ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி. பீகாரில் ஒரு பையன் 'நீலகிரிக்கு ஜே' என்று தொண்டை கிழியக் கத்துகிறான். நிஜ நீலகிரி இருக்கிற மாநிலத்தில் அந்தப் பள்ளியே இல்லை!

காரணம் தெரிந்ததுதான். அங்கே மும்மொழி, இந்தி உண்டு. நமக்கு 1968 முதல் இருமொழி. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பள்ளி தொடங்க வழிசெய்யச் சொன்னது. தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இரண்டு அரசும் உட்கார்ந்து பேசுங்கள் என்றது. மொழி விஷயத்தில் நம் பயம் வெட்டிப் பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாற்பது வருஷமாகப் பேசாமலே இருந்ததில் நஷ்டம் யாருக்கு என்பதையும் கணக்குப் பார்க்கணும்.

நவோதயா சொர்க்கம் என்றும் நினைக்க வேண்டாம். 2013 முதல் 2017 வரை ஐந்தே வருஷத்தில் 49 மாணவர்கள் அந்தப் பள்ளிகளில் தற்கொலை செய்துகொண்டதாக 2018-ல் செய்தி வந்தது. அதில் பாதிப் பேர் தலித், பழங்குடிப் பிள்ளைகள். பத்து வயதில் அம்மாவை விட்டுப் பிரிந்த குழந்தைக்கு கபடியும் பாட்டும் மட்டும் போதாது, ராத்திரி அழுதால் கேட்க ஆள் வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. மனநல ஆலோசகர்கள் வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகே வேகம் பிடித்தது.

தமிழக அரசும் சும்மா இல்லை. 2021-க்குப் பிறகு ஹாஸ்டலோடு 'மாதிரிப் பள்ளிகள்' வந்தன. 2022 செப்டம்பர் 5-ம் தேதி சென்னையில் கெஜ்ரிவாலை அழைத்து வைத்துக்கொண்டு 15 மாதிரிப் பள்ளிகளையும் 26 தகைசால் பள்ளிகளையும் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். மாதிரிப் பள்ளியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஐ.ஐ.டி. வரை ஏற்றிவிடுகிறார்கள். சந்தோஷம். ஆனால் பேச்செல்லாம் ஐ.ஐ.டி.யில் எத்தனை பேர் என்பதோடு நின்றுவிடுகிறது. அங்கே யார் நன்றாகப் புல்லாங்குழல் வாசிக்கிறார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பெருங்களத்தூர் தாண்டிவிட்டது. அக்கவுன்ட்ஸ் நண்பர் விரல் விட்டு எண்ணினார். "மாதிரிப் பள்ளின்னா ஒன்பதாவதுக்குத்தானே? இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுவும் இவனைக் கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாத்தினாத்தான்..."

தாம்பரத்தில் கூட்டம் அவரை வெளியே தள்ளியது. பிளாட்பாரத்தில் நின்றபடி ஜன்னல் வழியாகக் கத்தினார்: "அதெல்லாம் இருக்கட்டும் ஸார்... நாளைக்கு அந்த பி.டி. பீரியடைத் திருப்பிக் கேட்கணும்னா, ஹெட்மாஸ்டரைப் பார்க்கணுமா, கணக்கு வாத்தியாரையா?"