சேமக் கலம்

மின்கம்பிகள் எட்டாத மலையிலும் காட்டிலும் கூடாரமிட்டுத் தங்குவோர்க்கு இரவில் ஒளி தருவது சேமக் கலம். இதனை மக்கள் பாட்டரி என வழங்குவர். பகலில் சூரிய மின்தகடு தரும் மின்சாரத்தை ஏற்று, இருள் சூழ்ந்தபின் இது திருப்பித் தருகின்றது. காரீயத்தாலாகிய சேமக் கலத்தை 1859-ஆம் ஆண்டில் முதன்முதல் அமைத்தவர் காஸ்தோன் பிளான்டே என்னும் பிரெஞ்சு அறிஞர்.

இக்கலத்தினுள் நீர்த்த கந்தக அமிலத்தில் காரீயத் தகடுகளும் காரீய ஆக்சைடுத் தகடுகளும் மூழ்கியிருக்கும். மின்சாரத்தை எடுக்குங்கால் இருவகைத் தகடுகளின்மீதும் காரீய சல்பேட்டு படிகின்றது. அமிலத்தின் செறிவு குறைகின்றது. மின்னேற்றுங்கால் இம்மாறுதல் தலைகீழாக நிகழும்.

மோட்டார் வண்டியின் கலமும் இவ்வினத்ததே. ஆயினும் எஞ்சினைக் கிளப்பச் சில நொடிகள் மட்டும் மிகுந்த மின்னோட்டம் தருவது அதன் தொழிலாதலின், அதன் தகடுகள் மெல்லியவை. பல மணி நேரம் தொடர்ந்து உழைக்கும் கலத்திற்குத் தடித்த தகடுகள் வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. கலத்தில் எஞ்சியுள்ள மின்சாரத்தையும் அளந்தே செலவிடல் வேண்டும். ஆறு அறைகள் கொண்ட 12 வோல்ட்டுக் கலம் நிறைந்து, சில மணி நேரம் ஓய்ந்திருக்குமாயின், வோல்ட்டுமானி ஏறத்தாழ 12.7 காட்டும், பாதி குறைந்தால் 12.1 அல்லது 12.2 காட்டும். விளக்கு எரியும்போதோ மின்னேற்றும்போதோ அளந்தால் உண்மை நிலை விளங்காது. திரவமானியால் அமிலத்தின் ஒப்படர்த்தியை அளந்தும் அறியலாம். நிறைந்த கலத்தில் அது 1.27 அளவில் இருக்கும்.

பாதிக்குமேல் செலவிடாதிருத்தல் நன்று. 100 ஆம்பியர்-மணிக் கலத்தில் 50 ஆம்பியர்-மணியே செலவிடத் தக்கது. ஓர் ஆம்பியர் விளக்கு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால், அது 10 இரவுகளுக்குப் போதும். ஆயினும் பத்து நாளும் காத்திராமல், செலவானதை மறுநாளே ஈடுசெய்தல் வேண்டும். குறைந்த நிலையில் நெடுநாள் விட்டால் சல்பேட்டு கெட்டிப்பட்டுவிடும், பின்னர் மின்னேற்றினும் அது நீங்காது, கலம் பாழாகும்.

அளவுக்கு மிஞ்சி ஏற்றுவதும் தீங்கே. அப்போது நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிப்படும். ஹைட்ரஜன் எளிதில் வெடிக்குமாதலின், மூடிய கூடாரத்தினுள் மின்னேற்றலாகாது. அருகில் நெருப்பும் கூடாது. மின்னேற்றத்தைச் சீர்செய்யும் கருவி ஏறத்தாழ 14.4 வோல்ட்டு வரை ஏற்றி, கலம் நிறைந்தபின் 13.5 அளவிற்கு இறக்கிவிடும். திறந்து பார்க்கத்தக்க கலங்களில் குறைந்த நீருக்கு ஈடாகக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுதல் வேண்டும், அமிலத்தை ஊற்றலாகாது.

இவ்வாறு வரவும் செலவும் அறிந்து பேணுவோர்க்குச் சேமக் கலம் பல்லாண்டு உழைக்கும். பேணாதார் நடுக்காட்டில் இருளில் இருக்க நேரும்.