நாகதாளியா, பால்கள்ளியா? பார்த்து வளர்ப்போம்



நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலுக்குப் போய் வருகிறவர்களில் சிலர், வடக்கிலிருந்து முள்ளுக்கள்ளித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து லயத்து இஸ்தோப்பில் டின்னில் நடுவதை நாம் பார்க்கிறோம். பூத்தால் அழகுதான். ஆனால் சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்தில் என்ன செடி நிற்கிறது என்று நாம் தெரிந்திருக்க வேண்டாமா?

எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு எல்லாம் சுண்ணாம்புக்கல் தரை. ஐப்பசி முதல் மார்கழி வரைதான் பெருமழை. மற்ற மாதங்களில் வெயில். அப்படிப்பட்ட வறண்ட நிலத்துக்கு ஏற்றது நாகதாளி. அதன் தட்டையான தண்டு தண்ணீரைச் சேமித்து வைக்கும். இது கக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். சதுரக்கள்ளியும், டின்களில் சிவப்பாகப் பூக்கும் மடகஸ்கார் முள்செடியும் வேறு குடும்பம்.

அடையாளம் காண்பது எப்படி?

1. முள் முளைக்கும் இடத்தில் பஞ்சு போன்ற சிறு திட்டு இருந்தால் அது கக்டஸ். சதுரக்கள்ளியில் அது இருக்காது. விளிம்பில் முள் சோடி சோடியாக நிற்கும்.
2. நாகதாளிப் பூ மஞ்சள், இதழ்கள் பல, பழம் கருஞ்சிவப்பு. மடகஸ்கார் செடியில் ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு இதழ் மாதிரித் தெரியும்.
3. நாகதாளியை வெட்டினால் வழுவழுப்பான நீர் வரும். சதுரக்கள்ளியில் வெள்ளைப் பால் வரும். சில சிறிய கக்டஸ்களிலும் பால் உண்டு. அதனால் பாலை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

வளர்க்கும் முறை

வெட்டிய துண்டை ஒரு கிழமை நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுங்கள். டின்னின் அடியில் ஓட்டை போடுங்கள். மண்ணோடு பாதிக்குப் பாதி பருமணல் கலக்க வேண்டும். நம் மலைநாட்டு மழையில் வெளியே வைத்தால் அழுகிப்போகும். வெயில் படுகிற தாழ்வாரத்தில் வையுங்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு நுளம்பு முட்டையிடும்.

கவனம்

கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கசக்காமல், உடனே சுத்தமான தண்ணீரால் 15 நிமிஷமாவது கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நாகதாளியின் நுண்முள் தைத்தால் தேய்க்காதீர்கள்; சிறு இடுக்கியால் எடுங்கள்.

வேண்டாத துண்டை ஓடையிலோ காட்டோரத்திலோ எறியாதீர்கள். விழுந்த இடத்தில் வேர்விட்டு, வறண்ட இடங்களில் ஆளுயரத்துக்குப் புதராகிவிடும். பூந்தல தேசிய பூங்காவில் இது பெரிய தொல்லை. தென்னிந்தியாவில் இதை அழிக்க 1926இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியையே கொண்டுபோனார்கள்!

ஆசைக்கு ஒன்று வளர்ப்போம். பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்போம்.