செம்பாசியில் நோய்க்கிருமி அறிதல்: மண்டபக் கடற்பாசி வளர்ப்பும் ஒளிர்மூலக்கூறுகளும்

மண்டபம் கடற்கரையில் 2000-களின் தொடக்கம் முதல் கப்பாபைகஸ் என்னும் செம்பாசி மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்பட்டு வருகிறது. கராகீனன் தரும் இப்பாசி கரையோர மகளிர் பலருக்கு வாழ்வாதாரம். 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாசி பெருமளவில் மடிந்து விளைச்சல் சரிந்தது. நீர் வெப்பமடையும்போது தண்டு வெளிறி ஒடியும் ‘ஐஸ்-ஐஸ்’ நோயும் இப்பயிரைத் தாக்கக்கூடியது. வலுவிழந்த தண்டில் விப்ரியோ உள்ளிட்ட பாக்டீரியாக்கள் பெருகி நோயை முற்றச் செய்கின்றன. வெளிறல் கண்ணில் படுமுன் இவற்றைக் கண்டறிய இயலுமா என்பதே வினா.

ஒளிர்மூலக்கூறு, தான் உறிஞ்சிய ஒளியைச் சற்று நீண்ட அலைநீளத்தில் உடனே வெளிவிடும். பாக்டீரியாவில் அதனை ஏற்றி நுண்ணோக்கியில் காண்பது வழக்கமான முறை. செம்பாசியில் இம்முறைக்கு ஓர் இடையூறு உண்டு: பாசியே ஒளிர்கிறது. அதன் சிவப்பு நிறமியான ஆர்-பைக்கோஎரித்ரின் ஏறத்தாழ 578 நானோமீட்டரிலும், பச்சையம் 680ஐ ஒட்டியும் ஒளிரும். (இதே பைக்கோஎரித்ரின், 1980-களிலிருந்து செல் ஆய்வகங்களில் விரும்பப்படும் சாயம் என்பது வேடிக்கை.) சவ்வு சிதைந்த செல்லினுள் மட்டுமே புகும் புரொப்பிடியம் அயோடைடு 617இல், அதாவது அவ்விரண்டிற்கும் இடையில் ஒளிர்கிறது. ஆகவே இறந்த பாக்டீரியாவின் ஒளியைப் பாசியின் ஒளியிலிருந்து பிரிப்பது கடினம். டி.என்.ஏ.வுடன் பிணைந்து 461இல் நீலமாக ஒளிரும் ‘டாப்பி’ இச்சிக்கலுக்குத் தப்புகிறது. பாசியின் உட்கருவையும் அது ஒளிரச் செய்யும்; எனினும் அளவு வேறுபாட்டால் பிரித்தறியலாம். உயிருள்ளதையும் இறந்ததையும் வேறுபடுத்த மட்டும் அதனால் இயலாது. எச்சாயம் ஆயினும், சாயமிடாத பாசித்துண்டு ஒன்றை ஒப்பீட்டிற்கு வைக்காத ஆய்வை நம்புவதற்கில்லை.

கண்டறிதலினும் தடுத்தல் கடினமானது. புரோஃபிளேவின் போன்ற அக்ரிடின் சாயங்கள் டி.என்.ஏ.வின் காரப்படிகளுக்கு இடையே செருகி ஒளிர்வதோடு, பாக்டீரியாவின் பெருக்கத்தையும் தடுக்கின்றன. மெத்திலீன் நீலமோ, ஒளி பட்டால் ஒற்றைநிலை ஆக்சிஜனை உண்டாக்கிச் செல்லைச் சிதைக்கிறது. விப்ரியோ கிராம்-எதிர் வகையைச் சேர்ந்தது. எதிர்மின் தன்மையுள்ள அதன் வெளிச்சவ்வை இத்தகைய நேர்மின் சாயங்களே எளிதில் பற்றுகின்றன. ஆனால் கராகீனனும் சல்பேட் தொகுதிகளால் எதிர்மின் தன்மை கொண்டதே. எனவே பாக்டீரியாவை அடையுமுன் சாயத்தின் ஒரு பகுதியைப் பாசியே ஈர்த்துக்கொள்ளும். அங்கு உண்டாகும் ஆக்சிஜன் பாசித் திசுவையும் தாக்கும். திறந்த கடலில் மிதவைக்குச் சாயமிடுவதும் பொருளற்றது. நீரோட்டத்தில் அது கரைந்துபோகும். நடவுக்கு முன் விதைப்பாசியைத் தொட்டியில் வைத்திருக்கும் குறுகிய காலமே இம்முறையைச் சோதிக்க ஏற்றது.