அன்ட்ரூ (இசைத்தொகுப்பு)

அன்ட்ரூ என்பது இலண்டனைச் சேர்ந்த பெரியல் என்னும் இசைக்கலைஞரின் இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். 'உண்மையற்றது' என்பது இப்பெயரின் பொருள். 13 பகுதிகளைக் கொண்ட இதனை ஹைப்பர்டப் நிறுவனம் 2007 நவம்பர் 5 அன்று வெளியிட்டது. இங்கிலாந்தின் நடன அரங்குகளில் வளர்ந்த கராஜ், டப்ஸ்டெப் ஆகிய மின்னணு இசை வகைகளைச் சார்ந்தது. இசைக்குழு இன்றி ஒருவரே கணினியில் உருவாக்கிய தொகுப்பு இது.

உருவாக்கம்

கணினியில் நடன இசை அமைப்போர் பெரும்பாலும் இசைக்கோப்பு மென்பொருள்களையே நாடுவர். அவற்றின் திரையில் வரைபடத்தாளில் உள்ளது போன்ற கட்டங்கள் இருக்கும். ஒவ்வோர் அடியையும் கட்டத்தின் கோட்டில் வைத்துவிட்டால் தாளம் பிசகாது. பெரியல் இவ்வழியைப் பின்பற்றவில்லை. சவுண்ட் ஃபோர்ஜ் என்னும் எளிய மென்பொருளைப் பயன்படுத்தினார். பதிவான ஒலியை வெட்டி ஒட்டிச் சீர்செய்வதே அதன் முதன்மைப் பணி. ஒலி அதில் அலைவடிவமாகத் தெரியும். அந்த அலைகளைக் கண்ணால் பார்த்தே தாள ஒலிகளை அடுக்கியதாக அவர் நேர்காணலில் கூறியுள்ளார்.

கராஜ் இசையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 130 அடிகள் வரும். அதாவது, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே சுமார் 0.46 நொடி. இதில் ஓர் அடி மிகச் சிறிதளவு முந்தினாலும் பிந்தினாலும் இசையின் நடை மாறிவிடும். கண்ணளவில் வைக்கப்பட்ட அடிகள் கோட்டில் துல்லியமாக அமைவதில்லை. அதனால் இத்தொகுப்பின் தாளம் இயந்திரத்தனமாக இல்லாமல், மனிதர் கையால் வாசித்தது போல் ஒலிக்கிறது.

குரல்களும் பிற ஒலிகளும்

பிறர் பாடிய பாடல்களிலிருந்து எடுத்த சிறு துணுக்குகளே இதில் குரல்களாக வருகின்றன. ஆர்க்ஏஞ்சல் என்னும் பகுதியில் அமெரிக்கப் பாடகர் ரே ஜேயின் குரல் பயன்படுத்தப்பட்டுள்ளது. சுருதியை ஏற்றியும் இறக்கியும் மாற்றியிருப்பதால், பாடுவது ஆணா பெண்ணா என்று கேட்பவரால் எளிதில் சொல்ல முடியாது. மழையின் ஓசை, பழைய இசைத்தட்டின் கரகரப்பு, வீடியோ விளையாட்டுகளின் ஒலிகள் ஆகியவையும் கலந்துள்ளன. இவை நடன இசைக்கு நள்ளிரவு நகரத்தின் தனிமையை ஊட்டுகின்றன.

வரவேற்பு

இத்தொகுப்பு வெளியானபோது பெரியல் யார் என்பது பொதுமக்களுக்குத் தெரியாது. 2008-இல் இது பிரித்தானியாவின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அவரது அடையாளத்தைக் கண்டறிய நாளிதழ்கள் முனைந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் தமது பெயர் வில் பெவன் என்று அவரே இணையத்தில் அறிவித்தார். பரிசு எல்போ இசைக்குழுவிற்குச் சென்றது.

முக்கியத்துவம்

விலையுயர்ந்த கருவிகளும் புதிய மென்பொருள்களும் இருந்தால்தான் நல்ல இசை அமைக்க முடியும் என்ற எண்ணம் பயிலுநரிடையே உண்டு. அன்ட்ரூ அதற்கு மாறான சான்று. அதன் மென்பொருளில் வசதிகள் குறைவு. எந்த ஒலியை எங்கே வைப்பது, எதை விடுவது என்ற முடிவுகள் அனைத்தையும் இசையமைத்தவரே எடுக்க வேண்டியிருந்தது. இன்றும் இத்தொகுப்பு 2000-களின் சிறந்த மின்னணு இசைத்தொகுப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.