பாதியில் திரும்பும் விண்டோஸ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. யோங் பெங் ஊரில் பிள்ளைகள் பாடம் படிக்கும் பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றினால், பாதியில் நின்று பழைய நிலைக்கே திரும்பலாம். ஏன்?

விண்டோஸின் மையப் பகுதியான புதிய கர்னல் முதன்முறை எழும்போது பழைய வைஃபை டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ ஒத்துப்போகாவிட்டால் கணினி முடங்கும். உடனே நிறுவல் நிரல், ஒதுக்கி வைத்திருந்த பழைய விண்டோஸை மீட்டெடுக்கும்.

இன்னொரு காரணம் கண்ணில் படாதது. பூட் கோப்புகளுக்கான பகுதி பெரும்பாலும் 100 எம்பிதான். சி டிரைவ் காலியாக இருந்தாலும், இந்த பூட் பகுதி நிரம்பினால் வேலை நடக்காது.

முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுங்கள். யூஎஸ்பி கருவிகளைக் கழற்றி, பயோஸையும் டிரைவர்களையும் புதுப்பித்து மீண்டும் முயலுங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி இல்லையா? வற்புறுத்தாதீர்கள், லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் போடுவதே நல்லது என்பேன்.